உயிர்ச் சான்று வாங்க வந்த பெண்

1

நான் செய்த தவறு ஒன்றை ரஸியா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினேன். அவள் புதுச்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் கோடை விடுமுறைப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த கல்லூரி மாணவி. நான் நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பிரான்சில் இருப்பவன், எழுபதைத் தாண்டியவன், அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் சொன்னதும் நான் சொன்னதும் முரண்பட்டபோது எல்லோரும் என்னையே நம்பினார்கள். நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களிடமெல்லாம் அப்போது வேறு விதமாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர்களும் படிக்கக்கூடும் என்பதால்தான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

2

இங்கே பிரான்சில் கோடை வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் ‘ஸ்தாஜ்’ போவார்கள். வேலைப் பயிற்சி. சம்பளம் பேருக்குத்தான். ஆனால் அதை முடித்த சான்றிதழ் இல்லாமல் அடுத்த வகுப்புக்குப் போக முடியாது. சென்ற கோடையில் என் பேத்தி லெயா ஒரு வங்கியில் ஸ்தாஜ் செய்தாள்.

பாரிஸுக்கு வடக்கே ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறேன். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லெயா சாப்பிட வருவாள். அவள் அப்பா, அதாவது என் மகன், தமிழை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. லெயாவிடம் இருக்கும் தமிழ், மறைந்த என் மனைவியிடம் சின்ன வயதில் கேட்டது. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுவாள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் பிரெஞ்சுக்கே போய்விடுவாள்.

அன்று மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “தாத்தா, இந்த வாரம் எல்லாரும் என்னைச் சிரிச்சாங்க.”

“எதுக்கு?”

வங்கிக்கு ஒருவர் தன் அப்பாவின் படிவத்தோடு வந்திருக்கிறார். அப்பாவுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. கால் வலி, கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார். வங்கி ஊழியர் ஒருவரின் முன்னால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பல வருஷமாகத் தெரிந்த வாடிக்கையாளர், நீயே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடு என்று மேலதிகாரி லெயாவிடம் சொல்லியிருக்கிறார்.

“நான் எறங்கி கார் வரைக்கும் போனேன்.”

“போயி?”

“அவர் இருந்தார். வாழைப்பழம் சாப்பிட்டார். எனக்குப் பாதி குடுத்தார்.”

“அந்த மகன் மேல சந்தேகமா உனக்கு?”

“இல்ல. பேப்பர்ல ‘என் முன்னால்’னு போட்டிருக்கு. அவர் என் முன்னால் இல்ல. அதான்.” தோளைக் குலுக்கிவிட்டு என் தட்டைப் பார்த்தாள். “தாத்தா, நீ சாப்பாடு முடிஞ்சுதா? உன் கை நின்னுடுச்சு.”

வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ‘என் முன்னால்’ என்ற வார்த்தையின் பொருள் தமிழ் தடுமாறும் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கிறது. நானோ ஒரு நகராட்சி அலுவலகத்தில், மெரி என்பார்களே, முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவில் உட்கார்ந்தவன். அந்த வார்த்தைக்காகவே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன். ஒரு முறை, தாயை அடக்கம் செய்யக் காகிதம் கேட்டு வந்த ஓர் ஆளை, சாட்சி நேரில் வரவில்லை என்று மழையில் திருப்பி அனுப்பினேன். சட்டம் அப்படி என்று சொன்னேன். சட்டம் அப்படித்தான்.

3

இனி அந்தக் காலை.

என் அண்ணன் சவரிராயன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஓய்வூதியம் பிரான்சிலிருந்து புதுச்சேரி வங்கிக்கு வரும். அது தொடர்வதற்காக ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். இவர் உயிரோடு இருக்கிறார் என்று, நேரில் பார்த்த வங்கிக்காரர் கையெழுத்திட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். உயிர்ச் சான்று. நடமாடிய காலத்தில் அண்ணன் அன்றைக்கு மட்டும் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார். “மதாம், நான் இன்னும் சாவலன்னு பேங்க்ல சொல்லிட்டு வந்துடறேன்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். பக்கவாதம் வந்து படுத்தபின் வங்கியே வீட்டுக்கு ஆள் அனுப்பியது.

சென்ற ஆண்டு மே மாதம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணிக்கு ஓய்வு கொடுக்க வந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அன்று காலை ஆறேகாலுக்கு அண்ணி மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பினார். அப்படியே மார்க்கெட், பிறகு தங்கை வீடு. கிளம்புமுன் அண்ணனின் நெற்றியைத் தொட்டார், அவர் கண் திறந்து பார்த்தார். அவரைக் கவனித்துக்கொள்ள செல்வி என்ற அம்மாள் அரியாங்குப்பத்திலிருந்து எட்டு மணிக்கு வருவார். அன்று ஆற்றுப்பாலத்தில் நெரிசல், தாமதமாகும் என்று போன் செய்தார். அண்ணனுக்குத் துணி மாற்றிச் சுத்தம் செய்யும் வேளை கடந்துவிட்டது. நான் செய்திருக்கலாம். செய்யவில்லை. செல்வி வரட்டும் என்று கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அண்ணி போனதிலிருந்து அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. தலையில் முக்காடு, கழுத்தில் வங்கி அடையாள அட்டை, கையில் ஃபைல்.

“முசே சவரிராயன் வீடு இதானே சார்? பேங்க்லேருந்து வரேன். ஆபீசருக்கு ஆடிட்டு, அதான் என்னை அனுப்பிட்டாரு.”

பிரெஞ்சு உத்தியோகம் பார்த்தவர்களை எங்கள் ஊரில் ‘முசே’, அதாவது ஐயா, என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் கொடுத்தேன். யார் பெண் என்று கேட்டேன்.

“முல்லா வீதி சார். மார்க்கெட்டாண்ட பேக் கடை வெச்சிருக்காரே இப்ராகிம், அவரு பொண்ணு. பி.காம் ரெண்டாவது வருஷம் முடிச்சிருக்கேன்.” கடகடவென்று பேசினாள். “நேத்து நாலு வீடு போனேன் சார். ஒரு தாத்தா என்னைப் பாத்ததும் செத்தவரு மாதிரி கண்ண மூடிக்கிட்டாரு, வெளயாட்டுக்கு. அவங்க வூட்டம்மா முதுகுல ஒண்ணு வெச்சாங்க, எழுந்துட்டாரு.”

இருவரும் சிரித்தோம். பிறகு ஃபைலைத் திறந்தாள். “ஐயாவ ஒரு வாட்டி பாத்துட்டு ரேகை எடுத்துக்கறேன் சார்.”

“தூங்கறாரும்மா. இப்படிக் குடு, நான் எடுத்தாறேன்.”

“நேர்ல பாக்கணும்னு ஆபீசர் சொல்லியிருக்காரு.”

“நான் கூடப் பொறந்தவன். பிரான்சுல மெரில முப்பது வருஷம் பொறப்பு எறப்பு எழுதனவன். உங்க ஆபீசருக்கு என்னைவிடத் தெரியுமா? அவரு கெடக்கற கெடப்பு ஒரு பொம்பளப் புள்ள பாக்கற மாதிரி இல்லம்மா. புரிஞ்சுக்க.”

அவள் அறைக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி சார்” என்று படிவத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினாள்.

உள்ளே திரை இழுத்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாதத்தால் அண்ணனின் இடது கை எப்போதும் இறுகியே இருக்கும், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரித்தேன். கை சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்தேன். “அண்ணே, பேங்க்லேருந்து வந்திருக்காங்க” என்று சொன்னேன். கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் அழுத்தினேன். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நான் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. நாற்றத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், சீக்கிரம் வெளியே வர வேண்டியிருந்தது.

அவள் ஃபைலை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். “நேரமும் போடணும். ஒம்போது அம்பது. ஐயா எழுந்தாருன்னா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க சார்.”

பத்தேகாலுக்குச் செல்வி வந்து உள்ளே போனார். கத்தவில்லை. திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

“ஐயா, நீங்க இன்னிக்கு உள்ள போனீங்களா?”

“இல்ல” என்றேன்.

அந்த ஒரு சொல் எப்படி அத்தனை வேகமாக வந்தது என்று இன்றும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. விரலில் மை இருந்தது. கொல்லைப்பக்கம் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரலையும் துடைத்தேன். டாக்டர் வந்து, உயிர் பிரிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். ஏழு மணி என்று எழுதிக் கொடுத்தார். ஏழு மணிக்கு நான் பக்கத்திலேயே கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

4

படிவத்தை அப்போதே திரும்பக் கேட்டிருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள், கோயில், உப்பளம் கல்லறை என்று அன்றைய நாள் போயிற்று. மறுநாளும் கேட்கவில்லை. அது பிரான்சுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அண்ணி, விதவை ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பினார். இரண்டு காகிதங்களும் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழு மணிக்கு இறந்தவர் ஒன்பது ஐம்பதுக்கு எப்படி உயிரோடு இருந்தார் என்று வங்கிக்குக் கேள்வி வந்தது.

ரஸியா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஐயாவின் தம்பிதான் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், நான் பார்க்கவில்லை என்றாள். வங்கி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது.

உண்மையை எழுதினால் மோசடி என்று சந்தேகப்படுவார்கள், விசாரணை முடியும்வரை அண்ணிக்கு எதுவும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம்தான். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று இருந்தது: செத்த அண்ணனின் விரலைப் பிரித்து மையில் தோய்த்தவன் என்று ஊர் என்னைச் சொல்லும்.

என் கடிதம் இப்படி இருந்தது. “பயிற்சி மாணவி ஒன்பதே முக்கால் மணிக்கு வந்தார். நோயாளியின் அறை கூடத்தை ஒட்டியது. அதன் கதவு பூட்டியிருக்கவில்லை. படிவத்தில் உள்ள சாட்சிக் கையெழுத்து மாணவியுடையது. எதைப் பார்த்து அவர் கையெழுத்திட்டார் என்பதை அவர்தான் கூற வேண்டும்.”

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. முப்பது வருஷ அலுவலகப் பழக்கம். எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஆடிட்டுக்குப் பயந்து அவளைத் தனியாக அனுப்பிய அதிகாரிக்கும் என் கடிதம் வசதியாக இருந்தது. அவர் அவளிடம், “முசே மெரில வேலை பாத்தவரும்மா, அவரு ஏன் பொய் சொல்லப் போறாரு?” என்று கேட்டாராம். பயிற்சியை முடிக்கப் பத்து நாள் இருக்கையில் அவளை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும் நாளில் பயணம் சொல்லிக்கொண்டபோது அண்ணி, “அந்தப் புள்ளைய அனுப்பிட்டாங்களாம் தம்பி, பாவம்” என்றார். நான் “ம்” என்றேன்.

5

லெயா வாழைப்பழக் கதை சொன்ன மறுநாள் வங்கிக்கு உண்மையை எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. விஷயம் முடிக்கப்பட்டது, தங்கள் அக்கறைக்கு நன்றி. கல்லூரிக்கு எழுதினேன். வங்கி திருத்திக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். மெரியில் இப்படிப்பட்ட பதில்களை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். காகிதத்தால் இது நகராது என்று புரிந்து, நவம்பரில் நேரில் போனேன். சாலையெல்லாம் மழைத் தண்ணீர்.

மேலாளர் புதியவர். நான் எழுதி வந்த வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார்.

“சார், இதை நான் வாங்கிக்கிட்டா மேல அனுப்பணும். அனுப்புனா பிரான்சுல உங்க அண்ணி ஃபைலத் திரும்பத் தொறப்பாங்க. இப்பதான் அவங்களுக்கு ஒழுங்கா வந்துட்டிருக்கு. வேணும்னா வெச்சுட்டுப் போங்க. இல்லன்னா நான் இதைப் பாக்கவே இல்ல.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?”

“ஜனவரில காலேஜுக்கு ஆளெடுக்கக் கம்பெனிங்க வருது. பயிற்சிச் சான்றிதழ் இல்லன்னா பட்டியல்ல பேரு ஏறாது. அவ்ளோதான் சார்.”

காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

“நான் கோயில்ல முழங்கால்ல இருந்தேன். வந்ததும் தலைமாட்டுல மெழுகுத்திரி ஏத்துனேன். அதுக்கு முன்னாடியே நீ அவரு வெரலப் பிரிச்சு வேலை வாங்கிட்டியா?”

“தெரியாது அண்ணி. தூங்கறாருன்னுதான்...”

“நெத்தில ஒரு சிலுவ போட்டிருப்பியே தம்பி, மூஞ்சியப் பாத்திருந்தா.”

பென்ஷன் நின்றுபோகலாம் என்பதையும் சொன்னேன். மாதாமாதம் நான் அனுப்புகிறேன் என்றேன்.

“உங்கிட்ட யாரு கேட்டா? கொண்டுபோய்க் குடு. அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது போய்ச் சேரட்டும். அப்புறம் கெளம்பு.”

6

முல்லா வீதியில் இப்ராகிமின் வீட்டு வாசலில் நின்றேன். யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. “வாங்க முசே. இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “உக்காரச் சொல்லுங்க. வந்தவரை நிக்க வெச்சா அதுக்கும் நம்மளத்தான் சொல்லுவாங்க.”

ரஸியா வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். முன்பு போலக் கடகடவென்று பேசவில்லை.

“காலேஜ்ல என்ன சொல்றாங்க தெரியுமா சார்? கிளாஸ்ல எவனாவது தூங்குனா, ரஸியாவக் கூப்புடு, ஒரு கையெழுத்துப் போடுவா, பொணமே எழுந்து உக்காரும்னுவாங்க. மொதல்ல நானும் சேர்ந்து சிரிச்சேன்.”

நான் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

“ஒண்ணு கேக்கறேன் சார். உள்ள போனப்ப உங்களுக்குத் தெரியுமா?”

வழி நெடுக இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல முடியவில்லை.

“கை சில்லுன்னு இருந்துச்சும்மா. மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்காகத்தான் பாக்கலையோ என்னவோ.”

இப்ராகிம் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இது இதுல இல்லியே சார்” என்றாள் ரஸியா. “இதையும் எழுதுங்க. எழுதி பேங்க்ல குடுங்க. அப்புறம் எங்க கிளாஸுக்கு வந்து சொல்லுங்க. லெட்டரு பீரோவுக்குள்ள போயிடும். என்னைப் பேசுனவங்கள்லாம் கிளாஸ்லதான் இருக்காங்க.”

அவள் கொடுத்த பேனாவால் அங்கேயே அந்த நான்கு வரிகளைச் சேர்த்தேன்.

7

மறுநாள் காலை வங்கியில் அதைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். அதற்கடுத்த நாள் கல்லூரி. அடுத்த கோடையில் பயிற்சிக்குப் போகிறவர்களையும் பேராசிரியர் வரச் சொல்லியிருந்தார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. என்னை ‘வெளிநாட்டு விருந்தினர்’ என்று அறிமுகம் செய்தபோது சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும்வரை நிற்க வேண்டியிருந்தது. பிறகு, மேலே எழுதியிருப்பதை எதையும் விடாமல் சொன்னேன். கை சில்லென்று இருந்ததைச் சொன்னபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். என் கடிதத்தின் ஐந்து வரிகளையும் மனப்பாடமாகச் சொன்னேன்.

முடித்ததும் ரஸியா மன்னிப்பாள் அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

“சார் சொன்னதெல்லாம் நெஜம். ஆனா பாக்காம கையெழுத்துப் போட்டது நானு. கதவுகிட்ட நின்னேன். ஒரு வாட்டி பாத்துடறேன் சார்னு இன்னொரு தடவ கேட்டிருக்கணும். பெரியவரு கோச்சுக்குவாருன்னு கேக்கல. போற எடத்துல நீங்க கேளுங்க. கோச்சுக்கட்டும்.”

உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நான் மேடையில் நின்றபடி இருந்தேன். அவளைக் குற்றவாளியாக்க நான் அத்தனை கவனமாக வாக்கியங்களை அடுக்கியிருந்தேன். தன் பங்கை யாரும் கேட்காமலே எழுந்து அவள் சொன்னாள். அவளுடைய பங்கு அவ்வளவுதான், ஒரு தடவை கேட்காமல் விட்டது. மிச்சமெல்லாம் என்னுடையது.

அண்ணி வீட்டுக்குத் திரும்பியபோது என் பெட்டி வராந்தாவில் இருந்தது. மழையில் நனையாதபடி அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. கதவைத் தட்டினேன். “வண்டி சொல்லியாச்சு, வந்துடும்” என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் மட்டும் வந்தது.

அண்ணியின் ஓய்வூதியம் டிசம்பரில் நிறுத்தப்பட்டது. விசாரணை இன்னும் நடக்கிறது. ஓய்வூதிய அலுவலகத்தார் என்னை அழைத்து ஒரு முறை விசாரித்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். நான் அனுப்புவதை அண்ணி வாங்குவதில்லை. போனை எடுப்பதுமில்லை.

வங்கி ரஸியாவுக்குப் பயிற்சியை முடித்ததாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஜனவரியில் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டதாக மேலாளர் எழுதினார். வேலை கிடைத்ததா என்று கேட்டு அவருக்கு எழுதினேன். அதை அந்தப் பெண்ணிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. அவள் எண் என்னிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை.